சிங்கம் எதற்கு? மல்லி மொட்டு போதும்!
மாணவர் சினிமாக் கம்பெனிக்கு 12 வினாடி "எம்பளம்" – மதுரையிலேயே எடுக்க ஒரு யோசனை

மதுரை,

தியேட்டரில் விளக்கு அணைகிறது. திரையில் ஒரு பொம்மை சுற்றுகிறது. அல்லது ஒரு சிங்கம் உறுமுகிறது.

"படம் போட்டுட்டான்டா!" என்று கடைசி வரிசையில் இருந்து ஒரு சத்தம். முறுக்கு தின்று கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கதாநாயகன் முகம் இன்னும் வரவில்லை. டைரக்டர் பெயரும் வரவில்லை. அதற்குள் விசில் பறக்கிறது!

அந்தப் பத்துப் பன்னிரண்டு வினாடித் துண்டுக்குத்தான் "எம்பளம்" என்று பெயர். இந்தக் காலத்துப் பையன்கள் "லோகோ" என்கிறார்கள். கடைக்குப் போர்டு எப்படியோ, சினிமாக் கம்பெனிக்கு எம்பளம் அப்படி.

இன்றைக்கு மதுரையில் கேமரா இல்லாத வீடு கிடையாது. செல்போனே கேமரா. காலேஜ் பையன்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் அங்கே ஒரு கம்பெனி பிறந்து விடுகிறது. குறும்படத்துக்குக் கதை கிடைக்கும் முன்பே கம்பெனிக்குப் பெயர் கிடைத்து விடுகிறது!

பெயர் வைப்பது சுலபம். அதைத் திரையில் காட்டுவதுதான் கஷ்டம்.

பல பேர் இன்டர்நெட்டில் ரெடிமேடாகக் கிடைக்கும் துண்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு விடுகிறார்கள். தீப்பொறி பறக்கும், இரும்பு எழுத்து சுழன்று வரும், "டமார்" என்று ஒரு சத்தம். மேலூர்க் கம்பெனிக்கும் அதே தீப்பொறிதான், மெக்சிகோ கம்பெனிக்கும் அதே தீப்பொறிதான். பார்க்கிறவனுக்கு யார் கம்பெனி என்பது ஞாபகம் இருக்குமா?

இன்னும் சில பேர் எம்பளத்துக்கே காசையெல்லாம் கொட்டி விடுகிறார்கள். படம் எடுக்கும்போது பையில் ஒன்றும் இருப்பதில்லை. அப்பாவிடம் மறுபடியும் கை நீட்ட வேண்டியதுதான். அந்த அப்பா பெரும்பாலும் ஒரு குமாஸ்தா, அல்லது ஒரு கடைக்காரர்.

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன? பார்ப்போம்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில்...

கொலம்பியா கம்பெனியின் எம்பளம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் மேகத்துக்கு நடுவே தீபத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பாள். இப்போது நாம் பார்ப்பது 1992-ல் மைக்கேல் டீஸ் என்ற ஓவியர் வரைந்தது.

அதற்கு மாடலாக நின்ற பெண் நடிகை அல்ல. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு பத்திரிகை ஆபீசில் படம் வரையும் வேலை பார்த்தவர். பெயர் ஜென்னி ஜோசப். மத்தியான சாப்பாட்டு இடைவேளையில் வந்து நின்றார். கேத்தி ஆண்டர்சன் என்ற பெண் போட்டோகிராபர் தன் வீட்டிலேயே படம் பிடித்தார். தீபத்துக்குப் பதில் கையில் ஒரு சாதாரண விளக்கு! உடம்பில் ஒரு துணியைச் சுற்றிக் கொண்டார். அவ்வளவுதான். உலகம் முழுவதும் தியேட்டரில் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் ராங்க் கம்பெனி ஒன்று உண்டு. அதன் எம்பளத்தில் சட்டை போடாத ஒரு பயில்வான் ஆளுயர வெண்கலத் தாம்பாளத்தை ஓங்கி அடிப்பார். அப்படி நின்றவர்களில் ஒருவர் பில்லி வெல்ஸ் என்ற குத்துச்சண்டை வீரர். ஆனால் அந்தத் தாம்பாளம் வெண்கலம் இல்லை, செட்டிங் சாமான்! அடித்தால் சத்தமே வராது. ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாள வாத்தியக்காரர் வேறொரு இடத்தில் நிஜமான சீனத்து மணித்தட்டை அடித்தார். அந்தச் சத்தத்தைத்தான் சேர்த்தார்கள்.

சிங்கத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். மெட்ரோ கோல்டுவின் மேயர் கம்பெனியின் சிங்கம் 1928-ல் முதன் முதலாக உறுமியபோது, தியேட்டரில் கிராமபோன் தட்டு வைத்துத்தான் உறும வைத்தார்கள். பிறகு 1980-களில் உறுமலைப் புதிதாகச் செய்தபோது அதில் கலந்தது புலியின் உறுமல்! சிங்கம் அவ்வளவு பயங்கரமாக உறுமாதாம். 2021-ல் அந்தக் கம்பெனி நிஜச் சிங்கத்தையே விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சிங்கத்துக்கு மாறிவிட்டது.

ஆக, பார்ப்பது ஓர் இடத்தில், கேட்பது ஓர் இடத்தில். மாணவர்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும். மலிவாக முடிக்க இதுவே வழி.

நம் நாட்டு எம்பளங்கள்

நம்மவர்கள் சொந்தச் சரக்கைத்தான் காட்டினார்கள்.

1929-ல் கோலாப்பூரில் பிரபாத் கம்பெனி ஆரம்பித்தது. "பிரபாத்" என்றால் விடியற்காலை. அதனால் ஒரு பெண் வளைந்து நின்று கொம்பு ஊதி விடியலை அறிவிப்பதையே சின்னமாக வைத்தார்கள். கொம்பு மராட்டியர் ஊர் வாத்தியம். அந்தக் கம்பெனி பிறகு புனாவுக்குப் போனது. அதன் ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 1960-ல் மத்திய அரசின் சினிமாக் காலேஜ் வந்தது. மாணவர்கள் சினிமா படிக்கிற இடமே ஒரு எம்பளக்காரர் வீடு!

சென்னையில் எஸ்.எஸ்.வாசன் ஸ்டூடியோவுக்கு "ஜெமினி" என்று பெயர் வைத்தார். ஜெமினி என்றால் மிதுன ராசி, இரட்டையர். பெயரிலேயே எம்பளம் இருக்கிறது. இரண்டு குழந்தைகள் குழல் ஊதினார்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

இந்தியில் ராஜ்கபூர் தன் "பர்சாத்" படத்தில் (1949) ஒரு கையில் வயலினும் ஒரு கையில் நர்கீசுமாக நின்ற காட்சியையே ஆர்.கே. பிலிம்ஸ் சின்னமாக்கிக் கொண்டார். சின்னத்துக்கென்று தனியாக யோசிக்கவில்லை. படத்தில் இருந்தே கிடைத்தது.

டைரக்டர் கே.பாலசந்தரின் கவிதாலயா படங்களில் திருவள்ளுவர் சிலை வரும், முதல் குறள் ஒலிக்கும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த ஒலி இன்றைக்கும் காதில் நிற்கிறது.

1958-ல் வந்த "நாடோடி மன்னன்" படத்தை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெற்றிக்கு எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் கொடுத்த ஊர் இது. அதை எடுத்த எம்ஜியார் பிக்சர்ஸ் கம்பெனியின் எம்பளம் என்ன தெரியுமா? ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து கொடியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அது தி.மு.க. கொடி! அப்போது அந்தக் கட்சி ஆட்சிக்கு வர இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. கொட்டகையில் அந்தக் கொடி தெரிந்ததும் கைதட்டல் அதிரும்.

(ரஷியாவில் மாஸ்பிலிம் கம்பெனி எம்பளத்திலும் ஓர் ஆணும் பெண்ணும்தான். அவர் கையில் சுத்தியல், அந்த அம்மா கையில் அரிவாள். 1937 பாரிஸ் கண்காட்சிக்காக வேரா முகினா என்ற பெண் சிற்பி செய்த சிலை அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.)

மதுரைக் கம்பெனி

மதுரைக்கும் சினிமாக் கம்பெனிக்கும் சம்பந்தம் புதிது அல்ல.

1937-ல் வந்த "சிந்தாமணி" மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் எடுத்த படம். தியாகராஜ பாகவதர் நடித்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரையே கட்டி "சிந்தாமணி" என்று பெயர் வைத்தார்கள். 1952 தீபாவளிக்கு "பராசக்தி" படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. இரண்டு தியேட்டரும் இன்று இல்லை. ஆனால் "தங்கம் தியேட்டர்கிட்ட இறக்கி விடுங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மாணவர்கள் படம் எடுத்து ஜெயிக்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1986 ஆகஸ்டு 15-ந் தேதி வந்த "ஊமை விழிகள்" சென்னை சினிமாக் காலேஜ் மாணவர்கள் கூடி எடுத்த படம். தயாரித்தவர் ஆபாவாணன், டைரக்டர் அரவிந்தராஜ். "சினிமாக் காலேஜ் பையன்களுக்குப் பாடம்தான் தெரியும், படம் தெரியாது" என்று கோடம்பாக்கம் கேலி பேசிய காலம். படம் ஓடிய ஓட்டத்தில் கேலி நின்றது. போலீஸ் அதிகாரியாக வந்த விஜயகாந்த் நம்ம மதுரைக்காரர்!

காளை வேண்டுமா?

டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"மாப்ள, அவன் சிங்கம் வச்சான்ல, நம்ம ஜல்லிக்கட்டுக் காளைய வைப்போம்டா. வாடிவாசல்ல இருந்து சீறிட்டு வருது, அப்படியே ப்ரீஸ் பண்றோம், பேரு வருது!"

"செமடா பங்காளி! அலங்காநல்லூர்ல நம்ம சித்தப்பா வீட்டுலயே காளை நிக்குது."

காளை நிற்கட்டும். சட்டமும் நிற்கிறதே!

சினிமாவில் மிருகத்தை நடிக்க வைப்பதற்கு 2001-ம் வருஷ விதிப்படி பதிவும் முன் அனுமதியும் வேண்டும். மிருக நல வாரியத்துக்கு எழுதிப் போட வேண்டும். வாரியத்தின் ஆபீஸ் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது அரியானாவுக்குப் போய்விட்டது. சிங்கம், புலி, கரடி, குரங்கை வித்தை காட்ட வைக்க 1998-லேயே தடை வந்தது. 2011-ல் அந்தப் பட்டியலில் காளையும் சேர்ந்தது. 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும், 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பும் ஜல்லிக்கட்டுக்குத்தான். சினிமா ஷூட்டிங்குக்கு அல்ல.

பன்னிரண்டு வினாடிக்கு இத்தனை காகிதம் தேவையா? காளையின் முகத்தை ஒரு நல்ல ஓவியர் வரைந்து தந்தால் எந்த வாரியமும் கேட்காது.

அடுத்தது கோபுரம். மீனாட்சியம்மன் கோவிலில் 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு கோர்ட்டு உத்தரவால் பக்தர்கள் செல்போன் கொண்டு போகத் தடை இருக்கிறது. உள்ளே படம் என்ற பேச்சே கிடையாது. வெளியே டிரோன் விடலாம் என்று நினைப்பவர்கள் 2021 டிரோன் விதிகளைப் படித்துவிட்டு, போலீசையும் கேட்டுவிட்டு வரவும்.

திருமலை நாயக்கர் மகாலில் "பம்பாய்" (1995) படத்துப் பாட்டு எடுத்தார்கள். அது தொல்பொருள் துறை வசம் உள்ள கட்டிடம். அனுமதியும் கட்டணமும் உண்டு.

காசு கேட்காத இடம் ஒன்று இருக்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் போகும் போது யானைமலையைப் பார்த்திருப்பீர்கள். யானை காலை மடக்கிப் படுத்த மாதிரியே இருக்கும். பாரமவுண்ட் கம்பெனிக்கு மலை என்றால் நமக்கும் மலைதான்! மலை மேல் ஏற வேண்டாம். அது சமணச் சிற்பங்கள் உள்ள பாதுகாக்கப்பட்ட இடம். தூரத்து வயல் வரப்பில் கேமராவை ஊன்றி, விடியலில் இருந்து வெயில் ஏறும் வரை விட்டுவிட்டுப் படம் எடுத்தால் மலை இருட்டில் இருந்து மெல்ல வெளியே வரும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொண்டால் போதும்.

மல்லி மொட்டு

ஆனாலும் என் ஓட்டு மல்லிக்குத்தான். வீட்டுக்குள்ளேயே எடுக்கலாம். மழை, வெயில் பயம் இல்லை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேறு ஊர்க்காரன் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

மல்லி மொட்டைக் காலையில் பறிப்பார்கள். அது சாயங்காலம்தான் மலர ஆரம்பிக்கும். நான்கு மணி நேரத்தில் நடப்பதைப் பன்னிரண்டு வினாடியில் காட்ட வேண்டும். எப்படி?

கணக்கு சுலபம். சினிமாவில் வினாடிக்கு 24 படம். 12 வினாடிக்கு 288 படம். நான்கு மணி நேரம் என்பது 14,400 வினாடி. 288-ஆல் வகுத்தால் 50. அதாவது 50 வினாடிக்கு ஒரு தடவை ஒரு போட்டோ! சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் 10 மணிக்கு முடிந்து விடும். தானாகவே கிளிக் செய்யும் வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. சில செல்போன்களிலும் உண்டு.

எடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் எடுக்க வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஆறு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு இரண்டு வினாடி. முதல் கட்டத்தில் மூடிய மொட்டு, கருப்புப் பின்னணி. நாலாவது கட்டம் வரை மலர்ந்து கொண்டே வருகிறது. ஐந்தாவதில் கம்பெனி பெயர் மெல்லத் தெரிகிறது. ஆறாவதில் பெயர் நிற்கிறது. பெயருக்கு ஒரு பக்கம் இடம் காலியாக விட வேண்டும். இதை முதலிலேயே யோசிக்காமல் பூவை நட்ட நடுவில் வைத்துவிட்டால், பிறகு எழுத்து இதழ் மேல் ஏறி உட்காரும். பூவும் கெடும், பெயரும் கெடும்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். பஸ்சில் நின்று கொண்டு கையகலச் செல்போனில் பார்க்கிறவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும்.

பின்பு, பூ வாங்கும் நாள். தை மாத முகூர்த்தத்தில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லி விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறி விடும். சித்திரை, வைகாசியில் வரத்து அதிகம், விலை இறங்கும், மொட்டும் பருமனாக இருக்கும். நாலு முழம் வாங்கினால் ஒத்திகைக்கும் சேர்த்துப் போதும். ஒத்திகை கட்டாயம் வேண்டும். எந்த மொட்டு எந்தப் பக்கம் திரும்பி மலரும் என்பதைப் பூக்காரம்மாவாலும் சொல்ல முடியாது. ஐந்தாறு மொட்டைச் சேர்த்து வைத்து, நன்றாக மலர்கிற ஒன்றைப் பார்த்துக் கொள்ளலாம். அதுவரை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

ஜன்னலை மூடிவிட வேண்டும். ஆறு மணிக்கு இருக்கும் வெளிச்சம் ஏழு மணிக்கு இருக்காது. ஒரே பல்பு, ஒரே இடம். சில எல்.இ.டி. பல்பு நம் கண்ணுக்கு நிலையாகத் தெரியும், கேமராவில் சிமிட்டும். அதையும் ஒத்திகையில் பார்த்துக் கொள்ள வேண்டும். கேமராவின் வெளிச்ச அளவு, போக்கஸ், கலர் எல்லாவற்றையும் கையால் நிறுத்தி வையுங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது ஒரு முடிவு எடுக்கும். ஓட்டிப் பார்த்தால் படம் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கும்!

மின்விசிறி கூடாது. இதழ் ஆடும். வைகாசிப் புழுக்கத்தில் நான்கு மணி நேரம் வேர்க்கத்தான் செய்யும், வேறு வழியில்லை. மெயின் ரோட்டு வீடாக இருந்தால் லாரி போகும் போதெல்லாம் மேஜை அதிரும். தரையில் வைத்து எடுப்பது உத்தமம். பேட்டரியை நம்ப வேண்டாம். கரண்டு ஒயரைச் சொருகி விட வேண்டும். கரண்டு போனால்? பல்புக்கு இன்வர்ட்டர் இருக்கும் வீடாகப் பார்த்துப் பிடியுங்கள். கதவில் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். "என்னடா இருட்டுல பண்றீங்க?" என்று பாட்டி வந்து ட்யூப் லைட்டைப் போட்டால் அன்றைய ஷூட்டிங் அம்பேல்!

சத்தம் எங்கிருந்து?

கொட்டகையில் திரையைப் பார்க்காதவன் காதிலும் எம்பளம் விழும். அதனால் சத்தத்துக்குப் பாதி யோசனை ஒதுக்க வேண்டும்.

சினிமாப் பாட்டில் இருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் போச்சு. உரிமைக்காரர் புகார் செய்தால் இன்டர்நெட்டில் படத்தையே நிறுத்தி விடுவார்கள். "அந்தக் காலத்துப் பாட்டுக்கு யார் கேட்பார்?" என்பார்கள். கேட்பார்கள். "சிந்தாமணி" பாட்டுகளை எழுதியவர் பாபநாசம் சிவன். அவர் காலமானது 1973-ல். எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் உரிமை உண்டு என்பது சட்டம். 1937-ல் வந்த இசைத்தட்டுக்கு உரிமை தீர்ந்திருந்தாலும், பாட்டுக்கு 2033 கடைசி வரை இருக்கிறது!

நீங்களே சத்தம் செய்யுங்கள். பாட்டி வீட்டு வெண்கலத் தாம்பாளம், ஒரு மரக்கரண்டி. பஸ் ஓடாத நடுநிசியில் போர்வைகளைத் தொங்கவிட்ட அறையில் ஒரே ஒரு அடி. அதன் ரீங்காரம் ஓய்வதற்குள் பூ மலர்ந்து முடியட்டும். உறுமி மேளக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் நாலு இழுப்பு வாங்கலாம். வாங்கும் போது "எம்பளத்துக்குப் போட சம்மதம்" என்று ஒரு தாளில் கையெழுத்தும், கையில் சம்பளமும் கொடுத்து விடுவது மரியாதை. நாளைக்குப் படம் பெரிதாகப் போனாலும் வம்பு வராது.

கம்பெனிப் பெயரை வேறு யாராவது டிரேட் மார்க் பதிவு செய்திருக்கிறார்களா என்பதை அரசாங்க வெப்சைட்டில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பூ மலர்ந்த பிறகு பெயரை மாற்றுவதை விட, மொட்டு வாங்கும் முன்பே பார்ப்பது சுலபம்.

படத்தைத் தியேட்டரில் காட்டுவதாக இருந்தால் சென்சார் சர்டிபிகேட் வேண்டும். திரையில் அதுதான் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் எம்பளம். ஆகவே, தயவு செய்து பன்னிரண்டு வினாடியை நாற்பது வினாடி ஆக்க வேண்டாம். பத்து நிமிஷக் குறும்படத்துக்கு ஒரு நிமிஷ எம்பளம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னக் கடைக்குத் தெருவை அடைத்துப் போர்டு வைத்த கதைதான்!

எடுத்த 288 போட்டோக்களையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படத்துக்கும் அதே எம்பளம்தான் போட வேண்டும், படத்துக்குப் படம் மாற்றக் கூடாது. ராத்திரி 10 மணிக்கு மிச்சப் பூவை அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்து விடலாம். அந்த நேரத்தில்தான் அது நன்றாக மணக்கும்.